தாய்மாமனும் மருமகனும் ஒரே பெஞ்சில்: ஃபீல்ட் குடும்பத்தைத் தேடி நான்கு நாள்

நாள் 1, வெள்ளி. ஹேடம், கனெக்டிகட்

காலை ஆறு மணிக்கு நியூ ஜெர்சி எடிசனிலிருந்து கிளம்புவது என்று முடிவு செய்து ராத்திரியே புளியோதரை கிளறி, காரில் பெட்ரோல் போட்டு, எல்லாம் தயார். கிளம்பியது எட்டரை. கொலம்பஸ் தின விடுமுறைக்கு இலை நிறம் மாறுவதைப் பார்க்க வடக்கே போகிற கூட்டம் முழுக்க எங்களுக்கு முன்னால்தான் நின்றது.

நாங்கள் போனது இலை பார்க்க இல்லை. ஒரு ஜட்ஜின் குடும்பத்தைப் பார்க்க. மகளுக்குப் பதினொரு வயது, "செத்துப்போன ஜட்ஜா?" என்று கேட்டுவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

கதை எங்கே ஆரம்பித்தது என்றால், பல வருஷத்துக்கு முன் சென்னையில் நான் பார்த்த வேலையை விட்டபோது. ஒரு வருஷத்துக்குப் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்று நான் கையெழுத்துப் போட்டிருந்ததைக் காட்டி மிரட்டல் கடிதம் வந்தது. மதுரை கோர்ட்டில் வக்கீலாக இருந்த சித்தப்பாவிடம் நடுங்கிக்கொண்டே போனேன். அவர் கடிதத்தை மடித்து மேசைக் காலுக்கு அண்டக் கொடுத்துவிட்டு, "1872ஆம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டம், 27வது பிரிவு. தொழில் பண்ண விடாமத் தடுக்கிற ஒப்பந்தம் செல்லாது. போய் நிம்மதியாச் சேருடா" என்றார். அந்தப் பிரிவு எங்கிருந்து வந்தது என்பது அமெரிக்கா வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. டேவிட் டட்லி ஃபீல்ட் என்ற நியூயார்க் வக்கீல் தன் மாநிலத்துக்காக எழுதிய சிவில் சட்ட வரைவிலிருந்து எடுத்தது. நியூயார்க் அந்த வரைவைக் கடைசிவரை ஏற்கவே இல்லை, ஆனால் இந்தியாவுக்குச் சட்டம் எழுதியவர்கள் அதிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். கலிபோர்னியாவும் 1872இல் அதைச் சட்டமாக்கிக்கொண்டது. ஊர்க்காரன் தின்னாத சோற்றை அடுத்த ஊர்க்காரன் பந்தி போட்டுச் சாப்பிட்ட கதை.

அந்த டேவிட்டின் தம்பிதான் நான் தேடி வந்த ஜட்ஜ், ஸ்டீஃபன் ஜான்சன் ஃபீல்ட். 1863இல் லிங்கன் நியமித்தார், 1897 வரை அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இருந்தார். 34 வருஷம். பிறந்தது 1816 நவம்பரில், இந்த ஹேடமில்.

ஊர் சின்னது. கனெக்டிகட் ஆறு அகலமாக, அவசரமில்லாமல் போகிறது. அப்பா டேவிட் டட்லி ஃபீல்ட் (மூத்த மகனுக்கும் அதே பெயர், அதனால் இவரைப் பாதிரியார் என்றே சொல்கிறேன்) இங்கே சபைப் போதகர். அம்மா பெயர் சப்மிட். ஆமாம், பெயரே அதுதான், 'அடங்கி நட' என்று அர்த்தம். பியூரிட்டன் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவின் வழிவந்த குடும்பங்களில் பெண் குழந்தைக்கு இப்படியெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பக்கம் மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால் 'போதும்பொண்ணு' என்று வைத்தவர்கள்தானே நாமும், சிரிக்க யோக்கியதை இல்லை. அந்த அம்மாவுக்கு ஒன்பது பிள்ளைகள் வளர்ந்து ஆளானார்கள். ஏழு பையன், இரண்டு பெண். ஒன்றும் அடங்கி நடக்கிற ரகமாகத் தெரியவில்லை.

பிற்காலத்தில் உயிரோடிருந்த நான்கு சகோதரர்கள் பெற்றோர் நினைவாக இந்த ஊருக்கு ஒரு பூங்கா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தோம். நாய் கூட்டி வந்த ஒரு பெரியவர் வாசனைக்குத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். நாய் போக மாட்டேன் என்றது. ஹேடமில் இதற்கு மேல் எங்களுக்கு வேலை இல்லை. ஸ்டீஃபனுக்கு மூன்று வயது ஆகும் முன்பே, 1819இல் குடும்பம் மாசசூசெட்ஸுக்குப் போய்விட்டது. நாங்களும் அதே வழியில் போனோம். அவர்கள் வண்டியில் எத்தனை நாள் போனார்களோ, எங்களுக்கு இரண்டு மணி நேரம்.

ராத்திரி தங்கிய மோட்டலில் ஹீட்டர் ஓடவில்லை. பெயர் சொல்லவில்லை. மூன்று பேரும் ஸ்வெட்டரோடு தூங்கினோம்.

நாள் 2, சனி. ஸ்டாக்பிரிட்ஜ்

ஒரே ஒரு மெயின் ரோடு, அதன் நடுவில் ரெட் லயன் இன் என்ற பழைய விடுதி, வராந்தா முழுக்க ஆடும் நாற்காலி. அங்கே காபி மட்டும் குடித்தோம், அறை வாடகையைக் கேட்டுப் பார்த்ததோடு சரி. ரோட்டின் மேற்குக் கோடியில் செங்கல் சர்ச் ஒன்று. 1824இல், நம் பாதிரியார் இங்கே போதகராக இருந்த காலத்தில் கட்டியது. அதற்குப் பக்கத்தில் தனியாக ஒரு கல் கோபுரம் நிற்கிறது, அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

இந்த ஊரில் வளர்ந்த பிள்ளைகளின் கணக்கை ஒருமுறை பார்த்துவிடலாம். மூத்தவர் டேவிட், என்னை வேலை மாறவிட்ட புண்ணியவான். 1848இல் நியூயார்க் ஏற்றுக்கொண்ட சிவில் வழக்கு நடைமுறைச் சட்டம் அவர் பெயரிலேயே ஃபீல்ட் கோட். ஜொனதன் மாசசூசெட்ஸ் செனட்டுக்குத் தலைவரானார். மேத்யூ இன்ஜினியர். டிமதி கடலுக்குப் போனார், திரும்பவில்லை. ஹென்றி மார்ட்டின் பாதிரியார், பத்திரிகை ஆசிரியர், உலகம் சுற்றிப் பயணக் கட்டுரை எழுதியவர் (நம்ம ஆள்!). இந்தியாவில் ஊழியம் செய்து புதிய ஏற்பாட்டை உருதுவில் பெயர்த்த ஹென்றி மார்ட்டினின் பெயரைத்தான் இவருக்கு வைத்திருக்கிறார்கள். சைரஸ், அட்லாண்டிக் கடலுக்கு அடியில் தந்திக் கம்பி போட்டவர். கடைக்குட்டி மேரி. டேவிட்டுக்கு அடுத்துப் பிறந்த எமிலியா, அவரைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டும்.

எமிலியா ஜோசையா பிரூவர் என்ற மிஷனரியைக் கட்டிக்கொண்டு 1829இல் துருக்கியில் ஸ்மிர்னாவுக்குப் போனார், இப்போது இஸ்மிர் என்கிற ஊர். போகும்போது பதின்மூன்று வயதுத் தம்பி ஸ்டீஃபனையும் கூட்டிக்கொண்டு போனார், கிழக்கத்திய மொழிகள் படிக்கட்டும் என்று. பையன் அங்கே கிரேக்கம் கற்றுக்கொண்டான், கொள்ளைநோயையும் காலராவையும் கண்ணால் பார்த்தான், மூன்று வருஷம் கழித்துத்தான் ஊர் திரும்பினான். அக்காவுக்கு 1837இல் அதே ஸ்மிர்னாவில் ஒரு மகன் பிறந்தான், டேவிட் ஜோசையா பிரூவர். பெரிய மாமா டேவிட்டின் ஆபீசில் சட்டம் படித்து, கான்சஸ் போய் ஜட்ஜாகி, 1890 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் பதவி ஏற்றபோது, அதே பெஞ்சில் ஏற்கெனவே 26 வருஷமாக உட்கார்ந்திருந்தவர் தாய்மாமன் ஸ்டீஃபன்.

அமெரிக்கர்கள் இதை எழுதும்போது 'அங்கிள், நெஃப்யூ' என்று தட்டையாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நமக்குத்தான் தெரியும் தாய்மாமன் என்றால் என்ன என்று. "மாமா மடியில உக்கார வெச்சு காது குத்தியிருப்பாங்களா?" என்று மகள் கேட்டாள். ஹெட்போனைக் கழற்றியது அப்போதுதான்.

சரி, ஸ்டீஃபன் கலிபோர்னியா போன கதை. அண்ணனோடு நியூயார்க்கில் வக்கீல் தொழில் பார்த்துவிட்டு, தங்கம் கிடைக்கிறது என்று நாடே மேற்கே ஓடியபோது இவரும் ஓடினார். 1849 டிசம்பர் 28ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் இறங்கும்போது கையில் பத்து டாலர். பெட்டிகளை அறைக்குத் தூக்கிப்போன கூலியே ஏழு டாலர். ஆனால் ஆள் கெட்டிக்காரர். நியூயார்க்கிலிருந்து ஒரு கட்டுப் பழைய செய்தித்தாள் கொண்டுவந்திருந்தார், ஊர் சேதிக்கு ஏங்கிக் கிடந்த கூட்டத்தில் ஒரு தாள் ஒரு டாலருக்கு விற்றது. அடுத்த மாதமே மேரிஸ்வில் என்ற புது ஊரில் அல்கால்டே, அதாவது மெக்ஸிகோ முறைப்படி நீதிபதியும் நாட்டாமையும் ஒரே ஆள். 1851இல் மாநிலச் சட்டசபைக்குப் போய், அண்ணன் நியூயார்க்கில் எழுதிய நடைமுறைச் சட்டத்தை அடிப்படையாக வைத்துக் கலிபோர்னியாவுக்கு ஒன்றைக் கொண்டுவந்தார். 1857இல் மாநில உச்ச நீதிமன்றம், 1859இல் அதன் தலைமை நீதிபதி.

தலைமை நீதிபதி நாற்காலி காலியானது எப்படி? அதற்கு முன் அதில் இருந்த டேவிட் டெர்ரி ராஜினாமா செய்துவிட்டு ஒரு செனட்டரைத் துப்பாக்கிச் சண்டையில் சுட்டுக் கொன்றார்! முப்பது வருஷம் கழித்து, டெர்ரியின் மனைவி சம்பந்தப்பட்ட வழக்கில் ஃபீல்ட் பாதகமாகத் தீர்ப்புச் சொல்லி, கோர்ட்டில் ரகளை செய்ததற்காக இருவரையும் உள்ளே தள்ளியும் விட்டார். 1889 ஆகஸ்ட் 14, லேத்ராப் ரயில் நிலைய உணவகம். ஃபீல்ட் காலைச் சாப்பாட்டில் உட்கார்ந்திருக்கிறார், டெர்ரி பின்னால் வந்து அறைகிறார், காவலுக்கு வந்த நீகல் டெர்ரியை அங்கேயே சுட்டுவிடுகிறார். ஜட்ஜையும் கைது செய்தார்கள். நீகல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்து 1890இல் விடுதலை ஆனது. மாமா அந்த வழக்கில் உட்காராமல் ஒதுங்கிக்கொண்டார். மருமகன் உட்கார்ந்தார். இன்றைக்கு நம் ஊரில் நடந்தால் ஒரு வாரத்துக்கு டிவி விவாதம் ஓடும்.

மாலையில் மணி அடித்தது. அந்தக் கல் கோபுரம். 1878இல் டேவிட் கட்டிக் கொடுத்தது, இறந்துபோன பேரக் குழந்தைகள் நினைவாக. ஆப்பிள் மரம் பூக்கும் காலம் தொடங்கிப் பூசணிக்காய் மேல் உறைபனி படியும் வரை அடிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறார். சட்டமே எழுதிப் பழகிய ஆள் தேதி போடாமல் பூவையும் பூசணியையும் சாட்சிக்கு வைத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. மணியோசையில் மெட்டு இருந்தது, நடுவில் ஒரு மணி மட்டும் தட்டென்று விழுந்தது. கோபுரம் நிற்கிற இடத்தில்தான் இந்த நிலத்துக்குச் சொந்தக்காரர்களான மொஹிகன் மக்களுக்கென்று கட்டிய முதல் மிஷன் கோயில் இருந்ததாம். அவர்கள் 1780களிலேயே இங்கிருந்து பெயர்ந்து, கடைசியில் விஸ்கான்சின் போய்ச் சேர்ந்தார்கள்.

நாள் 3, ஞாயிறு. கல்லறையும் பனிக் குகையும்

ஸ்டாக்பிரிட்ஜ் கல்லறைத் தோட்டம் கோபுரத்துக்குக் கிட்டத்தில்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் தேடி வந்த ஜட்ஜ் இங்கே இல்லை. 1899இல் வாஷிங்டனில் இறந்தார், அங்கேயே ராக் க்ரீக் கல்லறையில் புதைத்தார்கள். பிள்ளை இல்லை. ஊரிலிருந்து பதின்மூன்று வயதில் கிளம்பியவர், ஒரு கணக்கில் பார்த்தால் திரும்பவே இல்லை. எனக்கு இது கொஞ்சம் உறைத்தது.

சைரஸ் இருக்கிறார். அட்லாண்டிக் தந்திக்காக உலகமே இவருடைய துணிவுக்கும் உழைப்புக்கும் விடாமுயற்சிக்கும் கடன்பட்டிருக்கிறது என்று பொருள்படும் வாசகம் கல்லில். பதினைந்து வயதில் அப்பா கொடுத்த எட்டு டாலரோடு நியூயார்க் போய், கடைப் பையனாக வருஷத்துக்கு ஐம்பது டாலர் சம்பளத்தில் ஆரம்பித்து, காகித வியாபாரத்தில் பணக்காரரானவர். அண்ணன் மேத்யூதான் 1854இல் ஒரு தந்தி இன்ஜினியரைக் கூட்டிவந்து அறிமுகம் செய்துவைத்தார், அதோடு பிடித்தது சனி. 1857இல் கம்பி அறுந்தது. 1858இல் இணைந்தது, விக்டோரியா மகாராணி அனுப்பிய 98 சொல் வந்து சேர 16 மணி நேரம், மூன்று வாரத்தில் கம்பி செத்தது. 1865இல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பலில் போய் மறுபடி அறுந்தது. 1866 ஜூலையில்தான் நின்றது. கடைசியில் பங்குச் சந்தையில் பெரும்பாலும் தொலைத்துவிட்டு 1892இல் போய்ச் சேர்ந்தார்.

ஹென்றியின் மனைவி ஹென்ரியட் கல்லறையும் இங்கேதான். 1847இல் பாரிசில் ஒரு பிரபு தன் மனைவியைக் கொன்றுவிட்டு விஷம் குடித்தான், அந்த வீட்டில் குழந்தைகளுக்கு ஆசிரியையாக இருந்தவர் இவர். சந்தேகத்தில் சிறையில் போட்டு, ஒன்றும் இல்லை என்று விட்டார்கள். நாடே வாய்க்கு வந்தபடி பேசிய பெண்ணைப் பாதிரியார் வீட்டுக் கடைக்குட்டிப் பையன் 1851இல் கல்யாணம் செய்துகொண்டான். அந்தக் காலத்து ஸ்டாக்பிரிட்ஜ் சாப்பாட்டு மேசையில் என்னென்ன பேசியிருப்பார்கள்!

அப்புறம், இதே தோட்டத்தில் வேறொரு ஜட்ஜ் குடும்பம். தியோடர் செட்ஜ்விக், 1802 முதல் சாகும்வரை, அதாவது 1813 வரை மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றத்தில் இருந்தவர். அவர் நடுவில், குடும்பம் முழுக்க அவரைச் சுற்றி வட்டவட்டமாக, எல்லோர் காலும் நடுவைப் பார்த்தபடி. இறுதித் தீர்ப்பு நாளில் எழுந்தால் செட்ஜ்விக்குகள் முகத்தில் மட்டுமே விழிக்கலாம் என்று ஊரில் கேலி. அந்த வட்டத்துக்குள் ஒரு கறுப்பினப் பெண்ணின் கல்லும் இருக்கிறது, எலிசபெத் ஃப்ரீமன். அடிமையாக இருந்தவர், 1781இல் வழக்குப் போட்டு விடுதலை வாங்கினார், வக்கீல் இதே செட்ஜ்விக். எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனால் தன் வட்டத்தில் இவருக்கு மேலும் இல்லை சமமும் இல்லை என்று கல்லில் பொறித்திருக்கிறார்கள். என் மனைவி அங்கேதான் ரொம்ப நேரம் நின்றாள். "ஃபீல்டை விட்டுட்டு இந்தம்மாவைப் பத்தி எழுதலாம்ல?" என்றாள். எழுதலாம்தான்.

மதியம் ஐஸ் க்ளென். ஹூசடானிக் ஆற்றின் மேல் நடைபாலத்தைத் தாண்டினால் காட்டுக்குள் ஒரு பாறை இடுக்கு, 1891இல் டேவிட் ஊருக்குக் கொடுத்தது. வீடு அளவு பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன, மேலெல்லாம் பாசி. அடியில் வெயில் படாத பொந்துகளில் கோடை தொடங்கும் வரைகூடப் பனிக்கட்டி கிடக்குமாம், அதனால்தான் அந்தப் பெயர். மகள் ஒரு பொந்துக்குள் கையை விட்டு, "ஃப்ரிட்ஜைத் திறந்த மாதிரி இருக்கு" என்றாள். நானும் விட்டேன். வெளியே வெயில், மணிக்கட்டுக்குக் கீழே மட்டும் மார்கழி.

அங்கே ஒரு பாறையில் உட்கார்ந்துதான் மனைவிக்கு சே சான் பிங் கதையைச் சொன்னேன். 1875 முதல் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த சீனத் தொழிலாளி. 1887இல் ஊருக்குப் போனார், திரும்பி வரலாம் என்று அரசாங்கமே கொடுத்த சான்றிதழைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு. அவர் திரும்பி வரும் கப்பல் நடுக்கடலில் இருக்கும்போது, 1888 அக்டோபர் 1ஆம் தேதி, அந்தச் சான்றிதழ் எதுவும் செல்லாது என்று புதுச் சட்டம் வந்தது. கரை வந்தபோது இறங்க விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. யாரை உள்ளே விடுவது என்பது அரசின் இறையாண்மை, கோர்ட் அதில் தலையிடாது என்று 1889 மே மாதம் தீர்ப்பு எழுதியவர் ஸ்டீஃபன் ஃபீல்ட். ஒருவர்கூட மாற்றுத் தீர்ப்பு எழுதவில்லை. அதன் மேல்தான் இன்றுவரை இந்த நாட்டுக் குடியேற்றச் சட்டம் உட்கார்ந்திருக்கிறது.

விசா ஸ்டாம்பிங்குக்கு ஊருக்குப் போய் மாட்டிக்கொண்ட நண்பர்கள் எனக்கும் உண்டு. போனால் திரும்ப முடியுமா என்ற பயத்தில் அப்பத்தா காரியத்துக்கு நான் போகவில்லை. அதைப் பற்றி வீட்டில் நாங்கள் பேசுவதில்லை.

இத்தனைக்கும் இந்த மனிதர்தான் பத்து வருஷம் முன்பு, 1879இல், சீனக் கைதிகளின் சடையை அறுக்கச் சொன்ன சான் பிரான்சிஸ்கோ விதியை, இது ஒரு இனத்தைக் குறிவைத்த கொடுமை என்று தூக்கி எறிந்தவர். 1893இல், ஏற்கெனவே இங்கே வாழும் சீனர்களை அத்தாட்சிச் சீட்டு இல்லை என்று நாடு கடத்தலாம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னபோது எதிர்த்து எழுதிய மூவரில் இருவர் மாமாவும் மருமகனும். ஆனால் 1896இல் ரயிலில் கறுப்பருக்குத் தனிப்பெட்டி சரிதான் என்ற தீர்ப்பில் மாமா பெரும்பான்மையோடு நின்றார். மகள் திடீரென்று இறந்துபோனதால் மருமகன் அந்த வழக்கில் பங்கெடுக்கவில்லை. சகோதரர்களில் ஒருவர் கடலுக்கு அடியில் கண்டங்களை முடிச்சுப் போடுகிறார், இன்னொருவர் உலகம் சுற்றுகிறார், இவர் பதின்மூன்று வயதில் அந்நிய மண்ணில் வளர்ந்தவர், கதவைச் சாத்துகிற உரிமைக்கு வாசகம் எழுதிக் கொடுத்ததும் இவர். ஒரு வீட்டுக்குள்ளேயே, ஏன், ஒரு ஆளுக்குள்ளேயே இத்தனை.

"அவரு ஸ்மிர்னாவுல இறங்கினப்ப யாராவது சீட்டு கேட்டாங்களா?" என்றாள் மனைவி.

நாள் 4, திங்கள். வில்லியம்ஸ்டவுன், பிறகு வீடு

காலையில் கார் கண்ணாடி முழுக்க உறைபனி. பழைய கிரெடிட் கார்டால் சுரண்டினேன். விடுதி வாசலில் அடுக்கியிருந்த பூசணிக்காய்கள் மேலும் வெள்ளையாக ஒரு படலம். அப்படியென்றால் சனிக்கிழமை கேட்ட மணிதான் இந்த வருஷத்துக்குக் கடைசியா என்று மகள் கேட்டாள். கோபுரம் வரை காரைத் திருப்பிப் பார்த்தோம், பூட்டியிருந்தது.

வடக்கே ஒரு மணி நேரம். ஸ்டீஃபன் 1837இல் முதல் மாணவராகத் தேறிய வில்லியம்ஸ் கல்லூரி. அவரைப் பற்றிப் பார்க்க இங்கே எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு மரத்தோப்பில் பளிங்குத் தூண் ஒன்று, உச்சியில் பூகோள உருண்டை. 1806இல் ஐந்து மாணவர்கள் மழைக்கு ஒரு வைக்கோல் போரடியில் ஒதுங்கி ஜெபம் செய்தார்களாம், அமெரிக்க மிஷன் அங்கிருந்து பிறந்ததாம். அதில் முளைத்த சங்கம்தான் ஜோசையா பிரூவரை முதலில் கிழக்கே அனுப்பியது, பிறகு மதுரைக்கும் வந்தது. நான் தினமும் சைக்கிளில் கடந்துபோன அமெரிக்கன் கல்லூரிக்கும் வேர் இந்த வைக்கோல் போர்தான்.

தூணில் ஒரு வேத வசனம் ஆங்கிலத்தில். தமிழ் பைபிளில் அது "நிலம் உலகம்". ஆங்கிலத்தில் நிலம் என்ற இடத்தில் 'ஃபீல்ட்' என்று இருக்கிறது. நான் அதைப் பார்த்துச் சிரித்ததற்கு வீட்டில் யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை, விளக்கிய பிறகும்.

கீழே ஐந்து மாணவர்களின் பெயர். அதில் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் 1816இல் யாழ்ப்பாணம் போனவர், 1822இல் தெல்லிப்பளையில் இறந்தார். பெயரைப் படம் எடுத்து டொராண்டோவில் இருக்கும் யாழ்ப்பாண நண்பருக்கு அனுப்பினேன். பர்கர் கடை வரிசையில் நிற்கும்போது பதில் வந்தது.

"தெல்லிப்பளை யூனியன் கல்லூரி எங்கட அப்பா படிச்ச பள்ளிக்கூடமெல்லோ, அமெரிக்கன் மிஷன் துவங்கினது. இவர் உந்தக் குளிருக்குள்ள இருந்தோ வந்தவர்?"